உடையார்குடிக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் ஒரு திரை

காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. வீராணம் ஏரிக்குப் பக்கத்து ஊர். முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று அங்கே உண்டு. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்பவர்களைப் பட்டப் பெயர்களோடு குறிப்பிட்டு, அவர்களும் அவர்களுடைய உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பறித்ததைப் பற்றி அது பேசுகிறது. புத்தமங்கலத்தில் பிறந்த கல்கி இந்தக் கொலையை நடுவில் வைத்து 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னைத் தொடராக எழுதினார். மணிரத்னம் அதை இரண்டு பாகப் படமாக்கி 2022 செப்டம்பரிலும் 2023 ஏப்ரலிலும் வெளியிட்டார். கல்வெட்டு, நாவல், படம் என்று ஒரே சாவுக்கு மூன்று வடிவங்கள் உள்ளன. இவற்றில் முதலாவது கும்பகோணத்திலிருந்தோ தஞ்சாவூரிலிருந்தோ ஒரே நாளில் போய்ப் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இருந்தும், படத்தைப் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வகுப்பறையில் படம் காட்டுவது நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இந்த இடைவெளியிலிருந்து தொடங்குவதே முறை என்று நினைக்கிறேன். படம் ஒன்று பாடமாக வேண்டுமானால் அதன் மூலம் பக்கத்தில் இருக்க வேண்டும். காவிரி டெல்டாவின் பள்ளிகளுக்கு அந்த மூலங்கள் பேருந்து தூரத்திலும் நடை தூரத்திலும் கிடக்கின்றன.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்குத் திரை புதிதல்ல. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகி, காணொலிகள் பாடத்தோடு இணைந்தன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அடுத்த ஆண்டே கொரோனா வந்து பள்ளிகளை மூட, பல வீடுகளில் அதுவே வகுப்பறை ஆயிற்று. 2022–23 கல்வியாண்டிலிருந்து சிறார் திரைப்பட விழா என்ற பெயரில் மாதந்தோறும் நல்ல சிறுவர் படங்களை முழுமையாகத் திரையிட்டுப் பிள்ளைகளைப் பேசவும் எழுதவும் வைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. ரசனையை வளர்க்கும் முயற்சியாக அதை முழுமனதோடு வரவேற்கலாம். ஒரு கலைப்படைப்பை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கும் உரிமை கிராமத்துப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் வரலாறு, அறிவியல், தமிழ்ப் பாடவேளைகளுக்குள் படம் நுழையும்போது கேள்வி வேறு. அங்கே பொதுவாக ஒரு பாகுபாடு செயல்படுகிறது. நாவலிலிருந்து எடுத்த கதைப்படம் என்றால் சினிமா, ஆகவே சந்தேகத்துக்குரியது. காட்டையும் பறவையையும் காட்டும் ஆவணப்படம் என்றால் உண்மை, ஆகவே அப்படியே ஓடவிடலாம். இரண்டு பாதியுமே தவறு என்பது என் வாதம். கதைப்படத்தை நாம் வேண்டியதைவிடக் குறைவாகப் பயன்படுத்துகிறோம். ஆவணப்படத்தையோ வேண்டியதைவிட அதிகமாக நம்புகிறோம்.

இதற்கு வலுவான சோதனைச் சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பட்லரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்கள் ஒரு வரலாற்றுப் பகுதியைப் படித்தார்கள்; அதே பொருளில் வெளிவந்த புகழ்பெற்ற படங்களிலிருந்து சிறு துணுக்குகளையும் பார்த்தார்கள். ஒரு வாரம் கழித்துத் தேர்வு. படமும் பாடமும் ஒத்துப்போன இடங்களில், படம் பார்த்தவர்களின் நினைவு ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தது. படம் பாடத்துக்கு மாறாகச் சொன்ன இடங்களிலோ, ஏறத்தாழப் பாதி வினாக்களுக்குப் படத்தின் தவறான செய்தியையே விடையாக எழுதினார்கள். அது பாடத்தில்தான் இருந்தது என்று உறுதியாகவும் நம்பினார்கள். படங்களில் பிழை இருக்கலாம் என்று பொதுவாக எச்சரித்தது பலன் தரவில்லை. இந்தப் படத்தில் இந்த இடத்தில் இந்தச் செய்தி தவறு என்று குறிப்பாகச் சொன்னபோது பிழை பெரிதும் குறைந்தது. சினிமாவை அப்படியே நம்பக்கூடாது என்று வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிடும் நல்லெண்ண ஆசிரியரின் முயற்சி ஏன் வீணாகிறது என்பதற்கும், படத்தையே வேண்டாம் என்று ஒதுக்குபவர் எதை இழக்கிறார் என்பதற்கும் இந்த ஓர் ஆய்வே விளக்கம் தருகிறது. படத்தின் பலம் உண்மையானது. அந்தப் பலத்தைத் திருப்பிவிடுவது ஆசிரியரின் குறிப்பான சொல். குறிப்பாகச் சொல்ல அவர் கையில் மூலம் இருந்தாக வேண்டும்.

‘பொன்னியின் செல்வ’னையே எடுத்துப் பார்க்கலாம். நாவல் ஆடிப் பதினெட்டு அன்று, நிரம்பி நிற்கும் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது; அந்த ஏரிதான் இன்றைய வீராணம். படம் இராட்டிரகூடரோடு நடக்கும் போரில் தொடங்குகிறது. பெரிய திரைக்கு எழுதுகிறவர் ஏன் ஏரியை விட்டுப் போரைத் தேர்ந்தார் என்று கேட்டால் அது தமிழ்ப் பாடம்: கதை சொல்லும் ஊடகம் மாறினால் வாசலும் மாறும். ஆடியில் ஏன் ஏரி நிரம்பியிருந்தது என்று கேட்டால் அது புவியியல். டெல்டாவில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடி வெள்ளமோ குடகு மலையில் பெய்யும் தென்மேற்குப் பருவமழையின் கொடை. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த வெள்ளத்துக்கும் ஆடிப் பெருக்குக்கும் நடுவில் ஒரு மதகு வந்துவிட்டது. ஜூன் 12 என்ற அணை திறப்புத் தேதி டெல்டாக் குடும்பங்களின் நாட்காட்டியில் பண்டிகைக்கு நிகரான நாளானது. இன்று வீராணத்துக்குத் தண்ணீர் கீழணையிலிருந்து வடவாற்றின் வழியே வருகிறது. 2004 முதல் அந்த ஏரி சென்னைக்குக் குடிநீரும் தருகிறது. கல்கியின் முதல் அத்தியாயத்தில் சில பக்கங்களையும், படத்தின் முதல் சில நிமிடங்களையும், கீழணை நீர்வழி வரைபடத்தையும் ஒரே மேசையில் வைத்தால் எட்டாம் வகுப்புக்கு ஒரு வாரப் பாடம் கிடைத்துவிடும். படத்தின் பெரும்பகுதி ஐதராபாத், தாய்லாந்து, மத்தியப் பிரதேசம் என்று வெளியிடங்களில் எடுக்கப்பட்டது. திரையில் பொன்னியாக ஓடுவது எந்த ஊர்த் தண்ணீர் என்று ஆற்றங்கரையில் வளரும் பிள்ளைகளைக் கேட்பது நல்ல பயிற்சி. கரையின் மரம், மண்ணின் நிறம், நீரின் வேகம் என்று அவர்கள் காரணம் சொல்லிப் பழகுவார்கள். படத்தின் தஞ்சையில் பெரிய கோயில் ஏன் இல்லை என்பது இன்னொரு கேள்வி. கோயில் முற்றுப்பெற்றது 1010இல். கதையின் காலம் அதற்குச் சுமார் 40 ஆண்டு முன். தன் ஊரின் அடையாளமே இல்லாத ஒரு தஞ்சாவூரைக் கற்பனை செய்ய முடிகிற மாணவிக்குக் காலவரிசை என்றால் என்ன என்று புரிந்துவிட்டது.

கொலை விஷயத்துக்கு வந்தால் பாடம் இன்னும் ஆழமாகிறது. நாவலில் கொலைச் சதியின் நடுவில் நிற்கும் நந்தினிக்குக் கல்வெட்டுச் சான்று கிடையாது. அவள் கல்கியின் படைப்பு. ரவிதாசனுக்கு உண்டு. நாவலிலும் படத்திலும் அவன் பாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் சதிகாரன். கல்வெட்டிலோ அவன் பெயரோடு பஞ்சவன் பிரமாதிராசன் என்ற பட்டம் வருகிறது. பிரமாதிராசன் என்பது அரசில் உயர்பொறுப்பு வகித்த அந்தணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பட்டம். பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல். சதிகாரனுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது? கொலை நடந்து, இடையில் உத்தம சோழனின் ஆட்சி முழுவதும் கழிந்து, இராசராசனின் 2ஆம் ஆண்டில் இப்படி ஓர் ஆணை வருவானேன்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மீது ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். அறிஞர்கள் இன்றும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பதினாலு வயதுப் பிள்ளைக்கு இது கடினம் என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. படம் ஏற்கெனவே அந்தப் பிள்ளையிடம் ஒரு கொலைக் கேள்வியைக் கொடுத்து ஆவலைக் கிளப்பிவிட்டது. ஆவலைக் கிளப்பும் வேலையில் பாடநூல் தோற்கும் இடத்தில் படம் வெல்கிறது. கிளம்பிய ஆவலை ஒரு கல்வெட்டின் வரிகளுக்கு அழைத்துப் போகாமல் விடுவதுதான் நம் குறை.

இயற்கை ஆவணப்படத்துக்கும் இதே முறை வேண்டும் என்றால் பலர் திடுக்கிடுவார்கள். அங்கே மூலம் என்று எதைச் சொல்வது, கேமரா கண்டதைத்தானே காட்டுகிறது? 1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘ஒயிட் வில்டர்னஸ்’ ஆஸ்கார் பெற்ற ஆவணப்படம். லெம்மிங் என்ற வடதுருவப் பகுதி எலியினம் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாக அதில் ஒரு காட்சி வரும். அந்த எலிகள் இயல்பாக வாழாத, கடலே இல்லாத கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்துக்கு அவற்றைக் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் படமாக்கியதை 1982இல் கனடியத் தொலைக்காட்சி வெளிக்கொண்டுவந்தது. அதற்குள் ஒரு தலைமுறை அந்தப் பொய்யை விலங்கியல் உண்மையாகக் கற்றுவிட்டிருந்தது. இன்றைய நல்ல ஆவணப்படங்கள் இப்படி மோசடி செய்வதில்லை. ஆனாலும் தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் பிடித்த காட்சிக்கு ஒலி பெரும்பாலும் பிறகு சேர்க்கப்படுகிறது. பல நாள், பல விலங்குகளின் காட்சிகள் ஒரே குடும்பத்தின் கதையாக வெட்டி ஒட்டப்படுகின்றன. எப்போது பயப்பட வேண்டும் என்று இசை நமக்குச் சொல்லித்தருகிறது. இயற்கையை மூலமாகக் கொண்ட தழுவல் என்றே அதையும் சொல்ல வேண்டும்.

இந்தத் தழுவலில் அதிகம் விடுபடுவது மனிதர்கள். வடுவூர் ஏரியை எடுத்துக்கொள்வோம். 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்தப் பறவைகள் சரணாலயம் ஒரு பாசன ஏரி. அங்கே நாரையையும் கொக்கையும் நீர்க்காகத்தையும் படமெடுக்கிறவர் கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் மதகு வரும், கரையில் மாடு வரும், அப்பால் சம்பா வயல் வரும். பொதுவாகத் திருப்புவதில்லை, மனிதன் இல்லாத இடமே இயற்கை என்ற எண்ணம் அந்தக் கலையின் இலக்கணமாகிவிட்டது. ஆனால் வடுவூரில் பறவை வருவதற்குக் காரணமே ஏரியில் தண்ணீர் நிற்பதும், சுற்றிலும் வயல் இருப்பதும்தான். நெல்வயலும் ஈரநிலமே என்பதை வலியுறுத்தி 2008இல் தென்கொரியாவின் சாங்வோனில் கூடிய ராம்சார் மாநாடு ஒரு தீர்மானமே நிறைவேற்றியது. ஆகவே டெல்டாவின் அறிவியல் ஆசிரியர் எந்த ஆவணப்படத் துணுக்கை நிறுத்தியும் கேட்கத் தகுந்த முதல் கேள்வி: இந்தச் சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது? விடையைச் சரிபார்க்க வடுவூரோ உதயமார்த்தாண்டபுரமோ போனால் போதும்.

மேல்வகுப்புக்கு இதைவிடக் கனமான ஒரு தொகுப்பை இந்த மண் வைத்திருக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள் அவை. கீழ்நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை விதித்தது. 1973இல் உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இந்திரா பார்த்தசாரதி அதை ‘குருதிப்புனல்’ நாவலாக்கினார். அந்த நாவல் ஸ்ரீதர் ராஜனின் இயக்கத்தில் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’ என்று 1983இல் படமானது. பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் ‘ராமையாவின் குடிசை’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். நிலவுடைமையாளரின் கொடுமைக்கு உளவியல் காரணம் தேடிய நாவல், கூலிப் போராட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்று இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எழுதினார்கள். அந்த விமர்சனம் சரியா என்று பிளஸ் ஒன் மாணவர்கள் தாங்களே எடைபோட நாவலின் ஒரு பகுதி, படத்தின் ஒரு பகுதி, உயிர்தப்பியவர்கள் பேசும் ஆவணப்படத்தின் ஒரு பகுதி, தீர்ப்பின் சில பத்திகள் ஆகியவை போதும். ஆவணப்படத்தில் நேரே பேசும் முகம் இருப்பதால் மட்டும் அது முழு உண்மை ஆகிவிடாது. தீர்ப்பு நீதிமன்றத்தின் ஆவணம் என்பதால் மட்டும் அதுவும் ஆகிவிடாது. எதைச் சேர்த்தார்கள், யாரைப் பேசவிட்டார்கள் என்று நான்கிடமும் கேட்க வேண்டும். பிள்ளைகள் மனம் புண்படும், ஊரில் சாதிப் பகை கிளம்பும் என்ற அச்சத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அதற்காகவே இது சின்ன வகுப்புக்கு வேண்டாம். முன்கூட்டிப் பெற்றோரிடம் பேசியபிறகே நடத்த வேண்டும். ஆனால் இரண்டு தெருக்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து உட்காரும் ஒரே அறை வகுப்பறைதான். அங்கே பேசாமல் விட்டால் அவர்கள் தத்தம் தெருவில் மட்டுமே அதைக் கேட்டு வளர்வார்கள்.

எனக்கு மிக வலுவாகப் படும் மறுப்பு வேறு. ஜன்னலுக்கு வெளியே வயல் இருக்கிற பள்ளியில் வயலைப் பற்றிப் படம் எதற்கு, பிள்ளைகளை வரப்புக்கு அழைத்துப் போகலாமே? போகத்தான் வேண்டும். ஆனால் வரப்பில் நின்றாலும் தெரியாதவை உண்டு. பொதி கட்டி, கதிர் வெளிவந்து, பால் பிடிப்பதற்கு முன் நெல் பூக்கிறது. ஒரு நெற்பூ பெரும்பாலும் முற்பகலில், சிறிது நேரமே, உமியின் இரு இதழ் விலகித் திறந்து மகரந்தம் உதிர்த்து மூடிக்கொள்கிறது. தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கும் வீட்டுப் பிள்ளைகளில் அதை உற்றுப் பார்த்தவர்கள் குறைவு. பள்ளி மணி அடிக்கும் நேரமும் அதுவே. காலத்தைச் சுருக்கிக் காட்டும் ஒரு நிமிடத் துணுக்கு அதைக் கண்முன் வைக்கும். மறுநாள் கையில் ஒரு லென்ஸோடு வரப்புக்குப் போனால், எங்கே, எப்போது பார்க்க வேண்டும் என்று தெரிந்த கண் அங்கே போகும். கரைவெட்டி ஏரிக்கு வரும் வரித்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வருவதை எந்த ஏரிக்கரையிலிருந்தும் பார்க்க முடியாது. பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022 செப்டம்பரில் நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. மல்லிப்பட்டினத்துப் பிள்ளையின் வீட்டுக்கு எதிரே இருக்கும் கடலில் அந்த விலங்கு புல் மேய்கிறது. வீட்டுக்கு எதிரே இருந்தும் நீருக்கடியில் இருப்பதால் அது அவளுக்கு ஆவணப்படத்தில் மட்டுமே கிடைக்கும்.

பார்ப்பது எளிது, ஆகவே மூளை சோம்பும் என்ற மறுப்புக்கும் ஆதாரம் உண்டு. உளவியலாளர் கேவ்ரியல் சாலமன் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தொலைக்காட்சி சுலபம், அச்சு கடினம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு தொலைக்காட்சிக்குக் குறைந்த மன உழைப்பையே செலவிட்டார்கள். அதனால் ஊகித்தறிய வேண்டிய வினாக்களில் பின்தங்கினார்கள். எனினும் சுலபம் என்பது பிள்ளைகள் கொண்டுவந்த முடிவு. அதை மாற்றுவது ஆசிரியர் கொடுக்கும் வேலை. ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, மூலத்தோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னால் அங்கே சோம்பலுக்கு இடமில்லை. படம் வந்தால் புத்தகம் சாகும் என்பதும் அப்படித்தான். கொத்தமங்கலம் சுப்புவின் ‘தில்லானா மோகனாம்பாள்’ நாவல் இன்று பலருக்குத் தெரிவதே 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தால். அதில் சிவாஜியின் விரல் அசைய, நாகசுரம் வாசித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ஒலியையும் விரலையும் பிரித்துக் கேட்கக் கற்ற பிள்ளை, ஆச்சா மரத்தில் நாகசுரம் கடையும் நரசிங்கம்பேட்டைப் பட்டறையில் நிற்கும்போது கேட்கும் கேள்விகளே வேறாக இருக்கும்.

நேரமும் சட்டமும் மிச்சம். நாற்பது நிமிடப் பாடவேளையில் மூன்று மணிநேரப் படத்துக்கு இடமில்லை. இங்கே சொல்லும் முறைக்கு அது தேவையும் இல்லை. பதிப்புரிமை பற்றிய தயக்கம் பல தலைமையாசிரியர்களுக்கு இருக்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாணவர், ஆசிரியர், பெற்றோர் போன்று பள்ளியோடு தொடர்புடையவர்கள் மட்டுமே பார்வையாளர்களாக இருக்கும்போது கல்விப் பணியின் பகுதியாகப் படம் காட்டுவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. உண்மையான தட்டுப்பாடு வேறிடத்தில். துணுக்கையும் மூலத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுப்பவர் யார்? தனி ஆசிரியர் தலையில் இதைச் சுமத்துவது அநியாயம். தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே உண்டு. ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வனத்துறையிடம் பறவைக் கணக்கெடுப்பு இருக்கிறது. மாவட்ட ஆசிரியர் கல்வி நிறுவனம் இவர்களை ஒரு மேசையில் உட்காரவைத்தால், ஆண்டுக்குப் பத்துத் துணுக்குகளுக்கு மூலமும், எது எங்கே மாறுகிறது என்ற குறிப்பும் தயாராகும். பட்லரின் ஆய்வு கேட்பதும் அந்தக் குறிப்பைத்தான்.

முதல் துணுக்குக்கு ஒரு விலங்கை முன்மொழிகிறேன். மருதத் திணையின் கருப்பொருள் பட்டியலில் எருமைக்குப் பக்கத்தில் நீர்நாய் வரும். டெல்டாப் பிள்ளைகள் அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். காவிரியில் இன்றும் நீர்நாய்கள் உண்டு. அவை மீன் பிடிக்கும் காட்சிகளும் படமாகியிருக்கின்றன. மூன்று நிமிடம் காட்டிவிட்டு, குடமுருட்டிக் கரையிலோ வெண்ணாற்றுக் கரையிலோ வலை வீசுகிறவர்களிடம் போய், இதைப் பார்த்ததுண்டா, கடைசியாக எந்த வருஷம், எந்த இடத்தில் என்று கேட்டு எழுதிவரச் சொல்ல வேண்டும். சிலர் நேற்று வலையைக் கிழித்துவிட்டுப் போனதாகச் சொல்லக்கூடும். சிலர் அப்பா காலத்தில் என்பார்கள். இன்னும் சிலர் அப்படி ஒன்று உண்டா என்று பிள்ளையையே திருப்பிக் கேட்பார்கள். வந்த பதில்களை ஊர்ப் பெயரோடும் ஆண்டோடும் ஆற்றின் படத்தில் குறித்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டு, அந்த மூன்று நிமிடத்தை மறுபடி ஓட்டலாம்.